தாளம் தப்பும் இதயத்துக்கு எது உணவு, எது மருந்து?

மாமா அலமாரியிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்து வந்து மேஜைமேல் கவிழ்த்தார். உள்ளே ஒரு முறுக்கும் இல்லை. அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரை, மெக்னீசியம், கோ-என்சைம் க்யூ10, மஞ்சள் சாறு கேப்ஸ்யூல், பூண்டு கேப்ஸ்யூல், மாமிக்கு முடி கொட்டுகிறதென்று வாங்கி இவரும் கூடவே சாப்பிடும் பயோட்டின், தொண்டைக் கரகரப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அதிமதுரப் பொடி. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படாத அசிட்ரோம் அட்டை.

"இதை ஏன் மாமா சாப்பிடலை?"

"அதைச் சாப்பிட்டா கீரை சாப்பிடக் கூடாதாம். முருங்கைக்கீரை இல்லாம எனக்கு ஆகாதும்மா. இந்த மீன் எண்ணெயும் ரத்தத்தை இளக்கும்னு சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணுதானே?"

இரண்டும் ஒன்று இல்லை. மாமாவுக்கு வயது 71, ஓய்வு பெற்ற ஆசிரியர். நெஞ்சுக்குள் குருவி சிறகடிக்கிற மாதிரி இருக்கிறதென்று போனவருக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லியிருந்தார்கள். மருத்துவர்கள் சுருக்கமாக 'ஏ.எஃப்.' என்பார்கள். அந்த அசிட்ரோம் அட்டை அவரைப் பக்கவாதத்திலிருந்து காக்க எழுதிக் கொடுக்கப்பட்டது. அதைத் தவிர டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் அவர் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல இதயத்தில் ஒரே ஓர் இடத்திலிருந்து மின் துடிப்பு கிளம்பும். மேலறைகள் சுருங்கும், பிறகு கீழறைகள் சுருங்கும். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை இது நடக்கிறது. ஏ.எஃப். வந்துவிட்டால் மேலறைகளுக்குள் நிமிடத்துக்கு 350 முதல் 600 மின் துடிப்புகள் தாறுமாறாக ஓடும். அறைகள் சுருங்க மாட்டாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுவில் காவல் நிற்கும் கணு அவற்றில் சிலவற்றைத்தான் கீழே விடுகிறது, அதுவும் எந்த ஒழுங்கும் இல்லாமல். மாமாவின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே மூன்று விரல்களை வைத்துப் பார்த்தேன். ஒரு துடிப்பு. உடனே இன்னும் இரண்டு. பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. நிறுத்திவிட்டதோ என்று நான் பயந்த நேரத்தில் மெல்லிதாக ஒன்று, அதைத் தள்ளிக்கொண்டு பலமாக ஒன்று. ஒரு நிமிடம் முழுக்க எண்ணியும் அதில் ஒரு தாளம் பிடிபடவில்லை.

இந்த நடுக்கம் மட்டும் பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போல ஒரு சிறு பை உண்டு. அறை சுருங்காதபோது அந்தப் பைக்குள் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகும். கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று தெரிந்தது. வார்ஃபாரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் அந்த அபாயத்தைச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கின்றன. அந்த வேலையைச் செய்யும் உணவோ, மூலிகையோ, சத்து மாத்திரையோ இதுவரை இல்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் தடுமாறியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, கீரை? நம் ஊரில் எத்தனையோ பேர் இதற்குப் பயந்தே மருந்தை விட்டுவிடுகிறார்கள். வார்ஃபாரினும் அசிட்ரோமும் ஈரலில் வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கின்றன. கீரையிலும் முட்டைகோஸிலும் வைட்டமின் கே நிறைய. அதனால் 'கீரையே கூடாது' என்று ஒரு பேச்சு வந்துவிட்டது. உண்மையில் உடம்பு கேட்பது ஒரே சீரான அளவை. வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடும் வழக்கமென்றால், வாராவாரம் அதே இரண்டு நாள், ஏறக்குறைய அதே அளவு. அதற்கேற்ப மருத்துவர் மாத்திரையின் அளவை வைத்துக்கொள்வார். மூன்று மாதம் கீரையைத் தொடாமல் இருந்துவிட்டு, ஊருக்குப் போன இடத்தில் பத்து நாள் தொடர்ந்து முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை அளவு இறங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். காய்ச்சலில் சாப்பாடு இறங்காமல் கிடந்தாலோ, ஆன்டிபயாட்டிக் எடுத்தாலோ அதே அளவு ஏறிவிடும், ரத்தக் கசிவு வரலாம். அந்த நாட்களில் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.

அபிக்ஸபான், டபிகட்ரான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்குக் கீரைக் கணக்கே கிடையாது. ஆனால் ரிவராக்ஸபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் அது சரியாக ரத்தத்தில் சேராது. டபிகட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைத் தண்ணீரில் கலக்கக் கூடாது. "அப்படியானால் எல்லோரும் புதியதற்கு மாறிவிடலாமே" என்று கேட்பீர்கள். நம் நாட்டில் அதற்கு ஒரு தடை இருக்கிறது. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போய், அதனால் ஏ.எஃப். வந்தவர்கள் இங்கே ஏராளம். இளம் பெண்களையும் இது பிடிக்கிறது. இப்படிப்பட்ட நோயாளிகளை 24 நாடுகளில் வைத்து நடத்திய இன்விக்டஸ் என்ற ஆய்வில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களுக்கும் முக்கியப் பங்கு உண்டு. 2022இல் அதன் முடிவு வந்தபோது, ரிவராக்ஸபானைவிடப் பழைய வார்ஃபாரின் வகை மருந்துகளே இவர்களின் உயிரை அதிகம் காத்தன என்று தெரிந்தது. உலோகச் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் பழைய மருந்துதான். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் எதைச் சாப்பிடுகிறார் என்று பார்த்து யாரும் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இனி மாமாவின் டப்பா. அதில் எனக்கு அதிகக் கவலை தந்தது மீன் எண்ணெய். இதயத்துக்கு நல்லது என்று பெயர் வாங்கிய பொருள், இந்த நோயில் எதிர்ப்பக்கம் நிற்கிறது. 2018இல் வெளிவந்த ரெட்யூஸ்-இட் என்ற பெரிய ஆய்வில், தினம் 4 கிராம் சுத்திகரித்த மீன் எண்ணெய் மருந்து எடுத்தவர்களில் 3.1 சதவீதம் பேர் ஏ.எஃப். அல்லது அதை ஒத்த துடிப்புக் கோளாறால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். எடுக்காதவர்களில் 2.1 சதவீதம். அந்த மருந்தால் மாரடைப்பு குறைந்தது உண்மை, ஏ.எஃப். கூடியதும் உண்மை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அளவு கூடக்கூட அபாயமும் கூடுவது தெரிந்தது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் ஒமேகா-3 மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் ஏ.எஃப்.பைச் சேர்த்தது. வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு சாப்பிடுகிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். ஏ.எஃப். வந்த பிறகு மருத்துவர் சொல்லாமல் மீன் எண்ணெய் மாத்திரையை விழுங்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

மெக்னீசியத்துக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. ரத்தத்தில் அது குறைந்தால் துடிப்பு தடுமாறும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கும் குறையலாம். பரிசோதித்துக் குறை இருந்தால் ஈடு செய்யலாம். அளவு சரியாக இருக்கிறவருக்கு மாத்திரையால் ஏ.எஃப். அடங்கும் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு அதுவே ஆபத்து. வைட்டமின் டி பற்றி அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ஏ.எஃப்.பைத் தடுப்பதில் பயனில்லை என்று 2021இல் சொல்லிவிட்டார்கள்.

மஞ்சளும் பூண்டும் குழம்பில் இருக்கும் வரை நண்பர்கள். அவற்றின் சாற்றை அடர்த்தியாக்கி கேப்ஸ்யூலில் அடைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக் கசிவு கூடலாம். அதிமதுரத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. தொடர்ந்து எடுத்தால் அது ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு கெடும், அதுவும் டிகாக்ஸின் என்ற இதய மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நிலைமை மோசமாகும். பயோட்டினால் வேறொரு குழப்பம். அது தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே மாற்றி, இல்லாத தைராய்டு மிகையை இருப்பதாகக் காட்டிவிடும். ஏ.எஃப். வந்தவருக்கு முதலில் பார்க்க வேண்டிய பரிசோதனைகளில் தைராய்டும் ஒன்று, ஏனென்றால் தைராய்டு மிகையே ஏ.எஃப்.புக்குக் காரணமாகலாம். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு அவை சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம்.

அப்படியானால் நம் கையில் எதுவுமே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அந்த டப்பாவுக்குள் தேடினால் அது கிடைக்காது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் பிரஷாந்தன் சாண்டர்ஸ் தலைமையிலான மருத்துவக் குழு, உடல் பருமனும் ஏ.எஃப்.பும் சேர்ந்து இருந்த 355 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தது. லெகஸி என்ற அந்த ஆய்வு 2015இல் வந்தது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் குறைத்தவர்களில் ஏறக்குறைய 46 சதவீதம் பேருக்குத் துடிப்பு மருந்தோ, தவறான மின் துடிப்பு கிளம்பும் திசுவை முடக்கும் அப்லேஷன் சிகிச்சையோ இல்லாமலேயே ஏ.எஃப். அடங்கியிருந்தது. 3 சதவீதத்துக்கும் குறைவாக எடை இறங்கியவர்களில் அது 13 சதவீதம்தான். 80 கிலோ ஆளுக்கு 8 கிலோ. பட்டினி கிடந்து இறக்கி, பண்டிகையில் ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பலன் ஓரளவு குறைந்துவிட்டது. எடை மெதுவாக இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். நம் தட்டில் இதற்கு வழி எளிது. சோற்றைப் பாதியாக்கி, காயும் சுண்டலும் பருப்பும் அந்த இடத்தை நிரப்பட்டும், ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பது பலருக்குத் துடிப்பைக் கிளப்பிவிடுகிறது.

அதே அடிலெய்டில் 120 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், ஆறு மாதம் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் ஏ.எஃப். திரும்பவில்லை. செய்யாதவர்களில் 20 சதவீதம். வேகமான நடை போதும். அதற்காகத் தொலைதூர ஓட்டப் பந்தயங்களில் இறங்க வேண்டியதில்லை. ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயத்தில் திரும்பத் திரும்பக் கலந்துகொண்டவர்களுக்குத் துடிப்புக் கோளாறு அதிகமாகவே வந்திருக்கிறது.

மது விஷயத்தில் ஆதாரம் தெளிவானது. மெல்போர்ன் மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமாகக் குடித்துவந்த 140 ஏ.எஃப். நோயாளிகளில் பாதிப் பேரைக் குடியை விடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் விட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கும் விடாதவர்களில் 73 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. இருபது சதவீத வித்தியாசத்தைத் தரும் மருந்தென்றால் என்ன விலை கொடுத்தும் வாங்குவோம். இது காசு மிச்சம் பிடித்துத் தருகிறது.

காபிப் பிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2025இல் வந்த டிகாஃப் என்ற ஆய்வில், தினம் ஒரு கப்பாவது காபி குடித்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும், அறவே விட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கும் ஆறு மாதத்தில் நோய் திரும்பியது. காபி குடித்தால்தான் படபடக்கிறது என்று தன் அனுபவத்தில் கண்டவர் விட்டுவிடட்டும், மற்றவர்கள் காலைக் காபியைக் குற்ற உணர்வில்லாமல் குடிக்கலாம்.

உப்பைக் குறைப்பது ரத்த அழுத்தத்துக்காக. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. இந்துப்புக்கு மாறினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. அளவுக்கு மீறிய இளநீருக்கும் அதே எச்சரிக்கை.

குறட்டையைச் சிரித்துத் தள்ளிவிடுகிறோம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் இதய மேலறை இழுபடுகிறது. இதைக் கவனிக்கக்கூடியவர் பக்கத்தில் படுப்பவர்தான். மாமா மூச்சு நின்று திணறுவதை மாமி பத்து வருடமாகப் பார்த்திருக்கிறார். மருத்துவரிடம் ஒருதரம்கூடச் சொன்னதில்லை, யாரும் கேட்கவில்லை என்பதால்.

நோயாளியின் சொந்தக் கவனிப்புக்கு இந்த நோயின் வரலாற்றில் ஒரு பெரிய இடம் உண்டு. 1912இல் டச்சு வணிகர் ஒருவர் மருத்துவர் வென்கபாகிடம் வந்தார். மலேரியாவுக்குக் குயினைன் சாப்பிட்டபோது தன் தாறுமாறான துடிப்பு சரியானதாகச் சொன்னார். மருத்துவர் நம்பவில்லை. ஒரு கிராம் குயினைன் சாப்பிட்டு, மறுநாள் ஒழுங்கான நாடியோடு வந்து நின்றார் வணிகர். அதைத் தொடர்ந்துதான் 1918இல் குயினிடின் இதய மருந்தானது. எனவே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு வந்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, தூங்கிய நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதுங்கள். அந்த வணிகர் செய்த இன்னொன்றையும் செய்யுங்கள்: கண்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாமாவின் டப்பாவில் இப்போது முறுக்கும் இல்லை, கேப்ஸ்யூலும் இல்லை. அசிட்ரோம் ராத்திரி எட்டு மணிக்கு. கீரை செவ்வாயும் வெள்ளியும். எடை ஆறு கிலோ இறங்கியிருக்கிறது, தூங்கும்போது முகத்தில் காற்று தரும் கருவியை மாட்டிக்கொள்கிறார். ஏ.எஃப். அவரை விட்டுப் போய்விடவில்லை, இடையிடையே வருகிறது.

இன்றைக்கே உங்கள் வீட்டில் 65 வயது தாண்டியவர்களின் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். தாளம் தப்பினால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ரத்தம் உறையாமல் தடுக்கும் எந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். மருத்துவமனையில் மருத்துவர் அதைத்தான் கேட்பார்.