சிதைவுகள் (புதினம்): ஆண்மையும் பெண்மையும்

சிதைவுகள் என்பது நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபே (1930–2013) ஆங்கிலத்தில் எழுதி 1958 ஆம் ஆண்டு வெளியான புதினத்தின் தமிழ்ப் பெயர் ஆகும். இதனைத் தமிழில் மொழிபெயர்த்தவர் என். கே. மகாலிங்கம். ஆப்பிரிக்க இலக்கியத்தில் மிகப் பரவலாக வாசிக்கப்படும் நூல்களுள் ஒன்றான இது, ஐரோப்பியர் வருகையை ஒட்டிய காலத்து இக்போ மக்களின் வாழ்வைச் சித்தரிக்கின்றது. ஆண்மை என்றால் என்ன என்ற கேள்வி இக்கதை முழுவதும் ஊடுருவி நிற்கின்றது. கதைத் தலைவனான ஒக்கொங்வோ ஆண்மையை வலிமை என்ற ஒன்றாக மட்டுமே காண்கிறான். அவனது சமூகமோ ஆண்மை, பெண்மை ஆகிய இரண்டையும் சார்ந்து இயங்குகின்றது. இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலான முரணைக் கொண்டே அவனது வீழ்ச்சியைப் பெரிதும் விளங்கிக்கொள்ளலாம்.

பின்னணி

இக்போ மக்களின் தாயகம் இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதி ஆகும். கதை நிகழும் உமுவோஃபியா, ஒன்பது ஊர்களைக் கொண்ட ஒரு குலத்தின் நிலம். அங்கு அரசன் இல்லை. மூத்தோரும் பட்டம் பெற்ற ஆண்களும் கூடி முடிவெடுப்பர். முன்னோரின் ஆவிகளாகக் கருதப்படும் முகமூடி அணிந்தோர் வழக்குகளைத் தீர்ப்பர். ஒருவனின் மதிப்பு அவன் தந்தையின் செல்வத்தால் அல்லாமல் அவனது சொந்த உழைப்பாலும் வீரத்தாலும் அளக்கப்பட்டது. ஆகவே ஆண்மை என்பது பிறப்பால் கிடைத்துவிடும் ஒன்றன்று. அதனை ஈட்டவும் வேண்டும், இழக்காமல் காக்கவும் வேண்டும்.

தந்தையின் நிழல்

ஒக்கொங்வோவின் தந்தை உனோக்கா குழல் வாசிப்பதில் வல்லவர். நண்பர்களையும் கள்ளையும் விரும்புபவர்; பலரிடம் கடன்பட்டவர்; எந்தப் பட்டமும் பெறாமலேயே இறந்தவர். "அக்பாலா" என்ற இக்போச் சொல் பெண்ணைக் குறிக்கும். பட்டம் பெறாத ஆணையும் அதே சொல்லால் அழைப்பதுண்டு. சிறுவயதில் விளையாட்டுத் தோழன் ஒருவன் தன் தந்தையை அவ்வாறு அழைத்ததைக் கேட்ட ஒக்கொங்வோ அதனை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து தந்தை விரும்பிய அனைத்தையும் அவன் வெறுத்தான். சோம்பலுடன் சேர்த்து மென்மையையும் இசையையும் வெறுத்தான். பெயர்பெற்ற மல்லனை வீழ்த்திப் புகழடைந்தான். செல்வரான நுவாக்கிபியேயிடம் 800 விதைக் கிழங்குகளைப் பெற்று, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே தனக்கு என்ற ஏற்பாட்டில் பயிரிட்டு முன்னேறினான். அவனது சினத்துக்கு அடியில் இருந்தது அச்சமே என்பதை அச்சிபே தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். தன் தந்தையைப் போல் ஆகிவிடுவோமோ என்ற அச்சம் அது.

பயிரும் குடும்பமும்

புதினத்தில் பயிர்களுக்கும் பால் வேறுபாடு உண்டு. வள்ளிக்கிழங்கு ஆண்களின் பயிர். அதனை ஆண்டுதோறும் விளைவித்துக் களஞ்சியம் நிறைப்பது ஆண்மையின் அடையாளம். சேம்பு, அவரை, மரவள்ளி முதலியன பெண்களின் பயிர்கள். எனினும் குடும்பத்தின் அன்றாட உணவுக்குப் பெண்களின் உழைப்பு இன்றியமையாதது.

ஒக்கொங்வோவுக்கு மூன்று மனைவியர். ஒவ்வொருவருக்கும் தனிக் குடில் உண்டு. அவர்களை அவன் அடிக்கிறான். ஒருமுறை எக்வெஃபியை நோக்கித் துப்பாக்கியால் சுடவும் செய்கிறான். குண்டு அவள்மீது படவில்லை. மனைவியை அடிப்பதை ஊர் எப்போதும் தடுத்துவிடவில்லை என்றாலும், அதற்கு எல்லை இருந்தது. மனைவியை ஓயாது அடித்த உசோவுலு என்பவனின் வழக்கை முகமூடி அணிந்தோர் விசாரிக்கின்றனர். பெண்ணுடன் சண்டையிடுவது வீரமன்று என்று கூறி, மனைவியின் வீட்டாரிடம் கள் கொண்டு சென்று மன்றாடுமாறு அவனுக்குத் தீர்ப்பளிக்கின்றனர்.

பெண்மையின் ஆற்றல்

உமுவோஃபியாவில் மக்களின் அறவாழ்வோடு மிக நெருங்கிய தெய்வம் நிலமகளான அனி. விதைப்புக்கு முன் வரும் அமைதி வாரத்தில் யாரும் யாரையும் கடிந்து பேசுவதும் கூடாது. அவ்வாரத்தில் இளைய மனைவியை அடித்த ஒக்கொங்வோவை அனியின் பூசாரி கண்டிக்கிறார். ஒரு பெண் ஆடு, ஒரு கோழி, ஒரு துணி, 100 சோழிகள் ஆகியவற்றைத் தண்டமாகச் செலுத்துமாறு பணிக்கிறார். ஒக்கொங்வோ மறுப்பின்றிச் செலுத்துகிறான்.

மலைக் குகையின் குறிசொல்லும் தெய்வத்தின் பெயரும் அக்பாலா என்றே எழுதப்படுகிறது. ஒக்கொங்வோ அஞ்சிய இழிசொல்லும் ஊரே அஞ்சும் தெய்வத்தின் பெயரும் எழுத்தில் ஒன்றாக இருப்பது கவனிக்கத்தக்கது. அத்தெய்வத்தின் பூசாரி சியெலோ, இரு குழந்தைகளை உடைய கைம்பெண். சந்தையில் பொருள் விற்பவள். தெய்வம் ஏறிய இரவில் அவள் ஒக்கொங்வோவின் மகளைத் தூக்கிச் செல்ல வரும்போது, அவன் மன்றாடுகிறானே தவிரத் தடுக்க முடியவில்லை.

பின்னர் ஒரு சாவுச் சடங்கில் அவனது துப்பாக்கி வெடித்து ஒரு சிறுவன் இறந்துபோகிறான். தெரியாமல் செய்த கொலை "பெண்பால்" குற்றம் எனப்பட்டது. அதற்குத் தண்டனை ஏழாண்டு நாடுகடத்தல். அவன் தன் தாயின் ஊரான இம்பாந்தாவுக்குச் செல்கிறான். தாயே மேலானவள் என்று பொருள்படும் பெயரைப் பிள்ளைகளுக்கு ஏன் சூட்டுகிறோம் என்று தாய்மாமன் உச்செண்டு அவனிடம் கேட்கிறார். ஒக்கொங்வோவுக்கு விடை தெரியவில்லை. நல்ல காலத்தில் தந்தையின் நிலம் ஒருவனுக்கு உரியது, துன்பக் காலத்தில் தாயின் நிலமே புகலிடம் என்று உச்செண்டு விளக்குகிறார்.

இக்கெமெஃபூனாவின் கொலை

உமுவோஃபியாப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டதற்கு ஈடாக அயலூரார் தந்த சிறுவன் இக்கெமெஃபூனா. மூன்று ஆண்டுகள் ஒக்கொங்வோவின் வீட்டில் வளர்ந்து அவனைத் தந்தை என்றே அழைக்கிறான். சிறுவனைக் கொல்லுமாறு குறிசொல்லும் தெய்வம் ஆணையிடும்போது, அதில் பங்கேற்க வேண்டாம் என்று முதியவரான எசெயூடு எச்சரிக்கிறார். ஒக்கொங்வோ கேட்கவில்லை. வெட்டுண்ட சிறுவன் அவனை நோக்கி ஓடிவர, கோழை என்று பிறர் எண்ணிவிடுவரோ என்று அஞ்சி அவனே வெட்டி வீழ்த்துகிறான்.

அதன்பின் இரண்டு நாட்கள் அவன் உண்ணவில்லை. அந்தத் துயரையும் பெண்களுக்கே உரிய பலவீனமாகக் கருதித் தன்னையே இகழ்ந்துகொள்கிறான். தெய்வ ஆணையை மறுக்காமலேயே அக்கொலைக்குச் செல்லாது விலகி நின்றவன் அவன் நண்பன் ஒபியெரிக்கா. அவனை ஊரார் யாரும் கோழை எனவில்லை. ஆகவே இக்கொலையில் ஒக்கொங்வோ பங்கேற்க வேண்டும் என்று ஊர் கேட்கவில்லை. அவன் அச்சமே அதனைக் கேட்டது எனலாம்.

மகனும் மகளும்

மூத்த மகன் நுவோயே தாய் கூறும் விலங்குக் கதைகளை விரும்புகிறான். ஆனால் தந்தைக்கு அஞ்சிப் போர்க்கதைகளே பிடிக்கும் என நடிக்கிறான். இக்கெமெஃபூனாவின் இறப்பும், காட்டில் கைவிடப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகையும் அவன் மனத்தை விட்டு அகலவில்லை. கிறித்தவப் போதகர்களின் பாடலில் அவன் ஆறுதல் காண்கிறான். அவர்களுடன் சேர்ந்து ஐசக் என்ற பெயரையும் பெறுகிறான்.

மகள் எசின்மாவின் துணிவைக் காணும்போதெல்லாம் அவள் ஆணாகப் பிறந்திருக்கலாகாதா என ஒக்கொங்வோ ஏங்குகிறான். சியெலோ அவளைத் தூக்கிச் சென்ற இரவில் அவன் குகைக்குப் பலமுறை நடந்து சென்று பார்த்ததைக் கதை பின்னரே வெளிப்படுத்துகிறது. அன்பு அவனிடம் இல்லாமலில்லை. அதனைக் காட்டுவது ஆண்மைக்கு இழுக்கு என்றே அவன் நம்பினான்.

வீழ்ச்சி

ஏழாண்டு கழித்துத் திரும்பும்போது ஊரில் தேவாலயமும் ஆங்கிலேயரின் நீதிமன்றமும் இருக்கின்றன. இம்மாற்றத்தையும் அவன் தன் ஒரே அளவுகோலால் அளக்கிறான். ஊரின் ஆண்கள் பெண்களைப் போல் மென்மையாகிவிட்டனர் என வருந்துகிறான். இறுதியில் அரசின் தூதுவனை வெட்டிக் கொன்று, ஊர் தன்னுடன் எழவில்லை என்று கண்டு தூக்கிட்டுக்கொள்கிறான். தற்கொலை அனிக்கு எதிரான பெருங்குற்றம் என்பதால் ஊரார் அவன் உடலைத் தொட இயலாது. தந்தை உனோக்காவும் அனி வெறுக்கும் வீக்க நோயால் தீய காட்டில் கைவிடப்பட்டு இறந்தவர். தந்தையைப் போல் ஆகக்கூடாது என்று வாழ்ந்த மகனுக்கும் ஊராரின் கையால் அடக்கம் கிடைக்கவில்லை.

திறனாய்வு

இப்புதினம் ஆணாதிக்கத்தை விமர்சிக்கிறதா, பிரதிபலிக்கிறதா என்பதில் திறனாய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒக்கொங்வோவின் முதல் மனைவி பெரும்பாலும் நுவோயேயின் தாய் என்றே சுட்டப்படுகிறாள். பெண் தெய்வம் உயர்ந்து நின்றாலும் ஊர் மன்றில் பெண்களுக்கு இடமில்லை. இரட்டைக் குழந்தைகளை இழந்த தாய்மாரின் துயரையும் அத்தெய்வ நெறி ஆற்றவில்லை. புளோரன்சு இசுட்ராட்டன் 1994 இல் வெளியிட்ட நூலில், அச்சிபே பெண்களைப் பொதுவாழ்வுக்கு வெளியே நிறுத்தினார் என்று வாதிட்டார்.

இக்போப் பெண்களின் வரலாறு இதனினும் விரிவானது. மகள் மகனின் நிலையைப் பெறுவதும், பெண் ஒருத்தி மற்றொரு பெண்ணை மணந்து குடும்பத் தலைமை ஏற்பதும் நினோபி ஊரில் வழக்கில் இருந்ததை மானிடவியலாளர் இஃபி அமடியூமே 1987 இல் எழுதினார். 1929 இல் வரிவிதிப்பு அச்சத்தை ஒட்டி ஆயிரக்கணக்கான பெண்கள் குடியேற்ற ஆட்சிக்கு எதிராகத் திரண்டனர். அவர்களுள் 50 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டனர். புளோரா நுவாப்பா (1966), புச்சி எமெச்செட்டா (1979) ஆகிய இக்போப் பெண் எழுத்தாளர்களின் புதினங்கள், அச்சிபேயின் கதையில் ஓரத்தில் நின்ற பெண்களை நடுவில் வைத்துப் பேசின. அச்சிபேயும் 1987 இல் வெளியான தம் இறுதிப் புதினத்தில் பியாட்ரிசு என்ற பெண்ணுக்கு முதன்மையான இடம் அளித்தார்.