யோசனைக்குப் பதில் சொல்லும் கடமை

கடலூர் மாவட்டத்தில் படைப்பூக்கத்திற்கும் பெருந்தொழிலுக்கும் உள்ள உறவை அறிய விரும்புவோர், சிதம்பரத்திலிருந்து புறப்பட்டு நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்களைப் பார்த்தால் போதும். 1956 நவம்பரில் நிறுவப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம், 1957இல் மேல்மண்ணை அகற்றத் தொடங்கி 1961இல் நிலக்கரியை எட்டியது. அதற்குப் பயன்பட்ட ராட்சதச் சக்கர இயந்திரங்கள், அதாவது சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகப் பொருத்திய வாளிகளால் மண்ணைச் சுரண்டிக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டுபவை, ஜெர்மனியின் மென்மையான மண்ணுக்கென்று உருவானவை. நெய்வேலியிலோ நிலக்கரியை மூடிக் கிடப்பது, கடலூரின் பெயராலேயே கடலூர் மணற்கல் என்று புவியியலார் அழைக்கும் கடினமான பாறை. அது வாளிகளின் பற்களை விரைவில் தேய்த்துவிடும் என்பதால், முதலில் துளையிட்டு வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகே இயந்திரத்தை இறக்கும் முறை இங்கே நிலைபெற்றது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பெயராமல் இருக்கும். இயந்திரத்தோடு வந்த கையேட்டில் எழுதப்படாத இத்தகைய அறிவு, பல் எப்போது மாற்றப்பட வேண்டும், ஈரமண் எந்த இடத்தில் பெல்ட்டோடு ஒட்டும் என்பதை ஷிப்டுக்கு ஷிப்டு பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம்தான் சேர்கிறது.

அந்த அறிவைக் கேட்டு வாங்கும் ஒழுங்குமுறைக்கு யோசனைத் திட்டம் என்று பெயர். பணியாளர் தம் வேலையைப் பற்றியோ அடுத்த பிரிவின் வேலையைப் பற்றியோ எழுதித் தரும் முன்னேற்றக் கருத்தைப் பெற்று, ஆராய்ந்து, ஏற்றால் செயல்படுத்திப் பரிசளிப்பதும், ஏற்காவிட்டால் அதற்குரிய காரணத்தைத் தெரிவிப்பதும் அதன் இரு கூறுகள். பெரும்பாலான நிறுவனங்கள் முதற்கூற்றை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றன.

ஸ்காட்லாந்தின் டம்பார்டன் நகரில் வில்லியம் டென்னியின் கப்பல் கட்டும் தளம் 1880இல் தொழிலாளரின் யோசனைகளுக்குப் பரிசு தரும் முறையை ஏற்படுத்தியது. 1898இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் அதே வழியில் இறங்கியபோது, சன்னல்களைக் கழுவினால் வேலைசெய்யும் இடத்தில் வெளிச்சம் கூடும் என்று எழுதித் தந்த தொழிலாளிக்கு இரண்டு டாலர் கிடைத்தது. இந்தியாவில் ஜாம்ஷெட்பூரின் டாட்டா எஃகு ஆலையில் யோசனைப் பெட்டி 1932இலேயே வந்துவிட்டது. ஜப்பானின் டொயோட்டா, அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டு, 1951இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அமெரிக்க வழக்கம், மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கைப் பரிசாகத் தருவதாகவும், ஆகையால் சிலரே பெரிய யோசனைகளோடு வருவதாகவும் அமைய, ஜப்பானிய வழக்கம் சிறிய பரிசுக்குச் சிறிய யோசனைகளை எல்லோரிடமிருந்தும் இடைவிடாமல் கேட்பதாக மாறியது. கருவியைத் தொங்கவிடும் கொக்கியை ஒரு சாண் தாழ்த்துவதும் அங்கே யோசனைதான். தொழிற்சாலைகளில் கைசன் என்று இன்று சாதாரணமாக வழங்குவது இதுவே.

தனியொருவரின் யோசனையைக் குழுவின் யோசனையாக வளர்ப்பது தர வட்டம். ஒரே இடத்தில் வேலை செய்யும் சிலர் தாமாக முன்வந்து, குறித்த நேரத்தில் கூடி, தம் பகுதியின் சிக்கல் ஒன்றை எடுத்து, அதன் காரணங்களை மீன்முள் வடிவில் வரைந்து, தரவு சேகரித்துத் தீர்வு காண்பது அதன் முறை. 1962இல் ஜப்பானில் கவோரு இஷிகாவாவின் முயற்சியால் பரவிய இது, 1980இல் ஐதராபாத்தின் பெல் (BHEL) ஆலை வழியாக இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் முழுமையான பணியாளர் ஈடுபாட்டைத் தன் தர முறையின் தூணாக வைத்த சென்னைப் பாடியின் சுந்தரம் கிளேட்டன், 1998இல் தரத்துக்கான டெமிங் பரிசைப் பெற்றது. விருது வாங்கியபின் தர வட்டக் கூட்டங்கள் வருகைப் பதிவேட்டை நிரப்பும் சடங்காகச் சுருங்கிப்போன ஆலைகளும் நாட்டில் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அரசும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத் தரப்பினரைவிடக் குறையாத எண்ணிக்கையில் அமரும் பணிக்குழுவை அமைக்குமாறு ஆணையிட 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அரசியலமைப்பின் நெறிகளுள் சேர்த்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1965இல் ஏற்படுத்திய விருது, பின்னர் விஸ்வகர்மா தேசிய விருது என்று பெயர் பெற்றது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், துறைமுகம் ஆகியவற்றின் தொழிலாளர்கள் தந்து, நிர்வாகம் செயல்படுத்திய யோசனைகளுக்கே அது வழங்கப்பட்டது. ‘செயல்படுத்திய’ என்னும் நிபந்தனை முக்கியமானது: நிர்வாகம் கோப்பில் உறங்கவிட்ட யோசனை எவ்வளவு சிறந்ததாயினும் தில்லிக்குப் போகாது.

யோசனைகள் உறங்கும் இடம் பெரும்பாலும் இடைநிலை மேலாளரின் மேசை. தமக்குக் கீழே இருப்பவர் கண்டுபிடித்ததை ஏற்பது, இத்தனை ஆண்டுகளாகத் தாம் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதாக அவருக்குப் படுகிறது. ஏற்றுச் செயல்படுத்தும் வேலைச் சுமையும் அவர் தலையிலேயே விழுகிறது. பரிசில் மட்டும் அவருக்குப் பங்கில்லை. ஆகவே மதிப்பீட்டை அவரிடமே முழுதும் விடாமல் வேறு பிரிவினரும் தொழிலாளர் பிரதிநிதியும் அமர்ந்த குழுவிடம் தருவதும், யோசனையைச் செயலாக்கிய மேலாளரையும் பாராட்டில் சேர்ப்பதும், பதில் சொல்லக் காலவரையறை வைப்பதும் அனுபவம் காட்டும் வழிகள். மறுப்பைவிட மௌனமே அதிகம் கெடுக்கும். செலவு மிகும், பாதுகாப்பு விதி இடம் தராது என்று காரணத்தோடு மறுக்கப்பட்டவர் அடுத்த மாதம் திருத்திய யோசனையோடு வரக்கூடும். பதிலே கிடைக்காதவர் மறுபடி எழுதுவதில்லை, பக்கத்தில் இருப்பவரையும் எழுதவிடுவதில்லை.

பாதுகாப்பு யோசனைகளை மிச்சத் தொகையால் அளக்க முடியாது என்பது மற்றொரு சிக்கல். கடலூர் சிப்காட்டின் இரசாயன ஆலைகளில், ஒரு வால்வு கை எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று ஒருவர் எழுதித் தந்தால், அதனால் நேராமல் போன விபத்தின் விலையை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் காட்ட இயலாது. அதற்கெனத் தனி மதிப்பெண் முறை வேண்டும்.

அலுவலகங்களின் நிலை இன்னும் மெலிந்தது. 1929இல் தோன்றிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தமிழக அரசு 2013இல் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் எடுத்த பின்னர், மிகுதியாக இருந்த ஊழியர்கள் பலர் மாநிலத்தின் பல்வேறு அரசு அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டனர். பழகிய கண்ணுக்குப் படாத வீண்வேலை புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்திலேயே படும். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் நம் அலுவலகங்களில் அரிது.

யோசனை யாருடையது என்னும் கேள்வியையும் தவிர்க்க முடியாது. நீல ஒளி உமிழ் டையோடை ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் உருவாக்கிய ஷுஜி நகாமுராவுக்கு முதலில் கிடைத்த ஊக்கத்தொகை 20,000 யென். அவர் தொடுத்த வழக்கில் 2004இல் தோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் தருமாறு தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது, 2005இல், ஏறத்தாழ 84 கோடி யென்னில் சமரசம் ஆயிற்று. 2014இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஜெர்மனியில் பணியாளர் கண்டுபிடிப்புகளுக்கென்று 1957 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அத்தகைய தனிப் பிரிவு இல்லாததால், உரிமை பெரும்பாலும் வேலை ஒப்பந்தத்தின் சொற்களையே சார்ந்து நிற்கிறது.

ஒப்பந்தம் என்ற சொல் நெய்வேலியில் வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. நிரந்தரத் தொழிலாளரின் பக்கத்திலேயே பல்லாயிரம் ஒப்பந்தத் தொழிலாளர் அங்கே வேலை செய்கின்றனர். 2020 மே மாதத்திலும் ஜூலையிலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் விபத்துகளில் மாண்டவர்களில் அவர்களும் இருந்தனர். பெல்ட்டையும் கொதிகலனையும் மிக அருகில் பார்ப்பவர், பல தொழிற்சாலைகளில் இன்று, ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருப்பவரே. ஆனால் யோசனைத் திட்டங்களோ பொதுவாக நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவரை நினைத்து எழுதப்பட்டவை. ஒப்பந்தத் தொழிலாளி எழுதித் தரும் யோசனையை, ஒப்பந்ததாரரின் வழியாக அன்றி அவரிடமே நேரடியாக வாங்கி, அவர் பெயரிலேயே பதிவு செய்து, பரிசையும் அவருக்கே தருவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நிறுவனத் தலைவர் கையெழுத்திடும் ஒரு சுற்றறிக்கை போதும்.