இடித்த வீட்டுத் தேக்குக் கதவு மலிவுதான். ஆனால் முதலில் டேப்பை எடுங்கள்!

சென்னையில் சொந்தமாக ஒரு வீடு கட்டுகிற நடுத்தரக் குடும்பத்தின் கழுத்தைப் பிடிப்பது எது தெரியுமா? தலைவாசல் கதவு!

அஸ்திவாரத்திலேயே பாதிக் கடன் பணம் கரைந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஆசாரி வந்து, "வாசலுக்கு என்ன மரம் சார்?" என்று கேட்பார். வீட்டுக்காரர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். "நாலு பேர் வந்து போற வாசலுங்க, தேக்குதான் போடணும்" என்பார் அம்மணி. புதுத் தேக்கின் விலையைக் கேட்டதும் இருவருக்குமே பேச்சு நின்றுவிடும்.

இவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள் அல்லவா? அந்த வீடுகளின் கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் குப்பைக்குப் போவதில்லை. இடிப்பு வேலை எடுத்தவர் கழற்றிப் பழைய மரக்கடைக்கு விற்றுவிடுகிறார். சாலையோரம் வரிசையாகக் கதவுகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்களே, அந்தக் கடைகள்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பழைய மரச்சாமான் வரும்.

அந்தக் காலத்து மரம்!

பழைய மெட்ராஸ் வீடுகளுக்குக் கப்பலில் வந்தது பர்மா தேக்கு. காட்டில் பல காலம் நின்று வைரம் பாய்ந்த மரம். இன்று தோட்டத்தில் வளர்த்து இளசாக வெட்டும் தேக்கில் வெளிப்புறத்து வெள்ளை மரம் அதிகம். வைரத்தைக் கரையான் சுலபத்தில் தொடாது. வெள்ளையை விடவே விடாது!

மியான்மர் அரசு 2014-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் அறுக்காத மரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டது. அதற்குப் பிறகு பழைய கதவுகளுக்குக் கிராக்கி கூடியதில் ஆச்சரியம் என்ன? கிராக்கி கூடினால் கலப்படமும் கூடத்தானே செய்யும்!

"பர்மா தேக்கு சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க!" என்பார்கள். கண்ணை மூடாதீர்கள். எந்த மரத்துக்கும் தேக்கு நிறத்தில் சாயம் பூசலாம். சாயம் ஏறாத இடம் இரண்டு உண்டு. ஒன்று கதவின் அடிவிளிம்பு. இன்னொன்று கீல் உட்கார்ந்திருந்த பள்ளம். அங்கே கத்தி முனையால் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். தேக்கென்றால் பொன்னிறம் கலந்த பழுப்பு தெரியும். விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டும். பழைய தோல் பை மாதிரி ஒரு வாசனை வரும். சுரண்ட விடமாட்டேன் என்று கடைக்காரர் முரண்டு பிடித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

தட்டிப் பாருங்கள்

கதவில் முதலில் உளுத்துப் போவது அடிப்பக்கம். தினமும் வாசல் கழுவிய தண்ணீர் அங்கேதான் ஊறியிருக்கும். நிலையில் தரைக்குள் புதைந்திருந்த கால்பகுதிதான் கரையானுக்கு வாசல். ஆணியால் குத்தினால் பொசுக்கென்று இறங்குகிறதா? தட்டினால் பொத்தல் சத்தம் வருகிறதா? விட்டுவிடுங்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து ஓட்டையை அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துத் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். புதுப் பெயிண்ட் மினுமினுக்கும் பழைய கதவைவிட, தோல் உரிந்து அழுக்கேறிய கதவை நம்பலாம்.

சுவருக்கு முன்னால் கதவு

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கொத்தனார் வழக்கம்போல 7 அடிக்கு 3½ அடி என்று இடம் விட்டுவிடுவார். அதற்குப் பிறகு இவர்கள் கதவு தேடிப் புறப்படுவார்கள். பழைய கதவு உங்கள் வீட்டு அளவுக்கா பிறந்தது? சிலது 6 அடிதான் இருக்கும். பங்களாவில் கழற்றியது 8 அடிகூட இருக்கும்.

"வெட்டிக்கலாம் சார்!" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பலகைக் கதவை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. சட்டங்கள் ஒன்றோடொன்று கழுந்து போட்டுக் கோர்த்தவை. விளிம்பில் அரை அங்குலம் இழைக்கலாம். அதற்கு மேல் போனால் கழுந்து அறுபட்டு, இரண்டு மழைக்காலத்தில் கதவு கோணிக்கொள்ளும். அப்புறம் போட்ட பணம் அத்தனையும் தண்டம்!

ஆகவே கடனுக்கு எழுதிப் போட்ட கையோடு கதவைத் தேடுங்கள். நிலையோடு சேர்த்து வாங்குங்கள். டேப் பிடித்து அந்த அளவைக் கொத்தனாரிடம் கொடுங்கள். கதவுக்குத் தக்கபடி சுவர் எழும்பட்டும்.

விலை பேசுவது எப்படி?

பழைய மரக்கடையில் "மொத்தமா இவ்வளவு" என்றுதான் பேச்சு இருக்கும். நீங்கள் கன அடி கணக்குப் போடுங்கள். 7 அடிக்கு 3½ அடி நிலை, கீழ்ப்படியும் சேர்த்தால் 21 அடி நீளம். மரம் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்றால், 21-ஐ 15-ஆல் பெருக்கி 144-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 2.2 கன அடி. கதவையும் இதேபோல் சட்டம், பலகை என்று தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள்.

வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் புதுத் தேக்கு கன அடி என்ன என்று விசாரித்துவிட்டுப் போனால் பேரம் பேசத் தெம்பு வரும். "அண்ணே, இந்த விலைக்குப் புது மரமே வாங்கிடலாமே!" என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள்.

கதவு விலையோடு செலவு முடியாது. குட்டி யானை வண்டி வாடகை, தூக்குக்கூலி, ஆசாரி கூலி, கீல், பாலிஷ் எல்லாம் இருக்கிறது. முழுத் தேக்குக் கதவு 50 கிலோவைத் தொடும். மூன்றாவது மாடிக்கு ஏற்றச் சும்மா யார் வருவார்கள்? எல்லாம் கூட்டிப் புதுக் கதவின் விலைக்குப் பக்கத்தில் வந்தால், பழசின் மேல் ஆசை வேண்டாம்.

பெயிண்ட் உரிப்பதில் ஒரு எச்சரிக்கை! அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுக்குள் வைத்துத் தேய்க்காதீர்கள். வெளியில், ஈரப்படுத்தி, மூக்கில் நல்ல முகமூடி கட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

"வாழ்ந்து கெட்ட வீட்டு மரம் ஆகாது" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் நகரத்தில் இடிபடும் வீடெல்லாம் கெட்டுப்போன வீடல்ல. பிள்ளைகள் பாகம் பிரித்து, பில்டரிடம் கொடுத்து, ஆளுக்கொரு பிளாட் வாங்கிக்கொண்ட வீடுகளும் ஏராளம்!

உள் அறைகளுக்குத் தேக்கு தேடி அலைய வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பிளஷ் கதவு போதும். குளியலறைக்கு பி.வி.சி. கதவு போடுங்கள். மிச்சமாகும் பணம் தலைவாசலுக்கு உதவும்.

வாங்கும்போது ரசீது கேளுங்கள். எந்தத் தெருவில் இடித்த வீட்டு மரம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். கோவிலிலோ பூட்டிய வீட்டிலோ திருடிய கதவென்றால் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். பித்தளைக் குமிழ், கொண்டி, நாதாங்கி எல்லாம் கதவோடு சேர்த்தியா என்று அப்போதே பேசி முடித்துவிடுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டு மறுநாள் வண்டியோடு போனால், குமிழ் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும்!