நவீன விமான நிலையங்கள்: சுவருக்கு வெளியே இருக்கும் சிக்கல்கள்

துபை உலக வர்த்தக மையத்தில் வழக்கமாக மே மாதத்தில் ‘ஏர்போர்ட் ஷோ’ என்ற கண்காட்சி நடக்கிறது. விமான நிலையத் தொழிலுக்காகவே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் பெரிய சந்தை இது. விமானம் வாங்க இங்கே யாரும் வருவதில்லை. லக்கேஜைக் கொண்டுபோகும் பெல்ட், பையை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர், முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் கருவி, ஓடுபாதை விளக்குகள், தீயணைப்பு வண்டிகள் என ஒரு விமான நிலையத்துக்குத் தேவையான எல்லாம் அங்கே விற்பனைக்கு நிற்கும். பக்கத்து அரங்குகளில் பல நாட்டு விமான நிலைய அதிகாரிகள் கூடி, பயணிகள் பெருகிக்கொண்டே போகிறார்களே, இவர்களை எப்படிச் சமாளிப்பது என்று விவாதிப்பார்கள்.

2024ஆம் ஆண்டுக் கண்காட்சி மே மாத நடுவில் நடந்தது. அதற்குச் சரியாக நான்கு வாரங்களுக்கு முன்புதான், அதே ஊரில், உலகின் மிகச் சிறந்த கருவிகளெல்லாம் பொருத்தப்பட்ட விமான நிலையம் ஒரு மழையில் முடங்கிப் போயிருந்தது. நவீன விமான நிலையங்களின் சிக்கல் என்ன என்பதைப் புரிந்துகொள்ள, அரங்குகளில் நடக்கும் விவாதங்களைவிட அந்த மழை நமக்கு அதிகம் உதவும்.

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்த மழை, அங்கே பதிவுகள் தொடங்கிய 1949க்குப் பிறகு இல்லாத அளவு. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் பதிவானது. துபை விமான நிலையத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை 95 மில்லிமீட்டர் அளவுதான். அன்று அதைவிட அதிகமான மழை ஒன்றரை நாளுக்குள் கொட்டித் தீர்த்தது. விமானங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஊர்ந்து போன காட்சிகளை நாம் எல்லோரும் செல்போனில் பார்த்தோம்.

அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்கள், ஓடுபாதையில் தண்ணீர் நின்றதால்தான் எல்லாம் நின்றது என்று நினைத்தார்கள். அது பாதி உண்மை. சில நாட்கள் கழித்து எமிரேட்ஸ் நிறுவனத் தலைவர் டிம் கிளார்க் பயணிகளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஏறக்குறைய 400 விமானங்களை ரத்து செய்ததாகவும், 30,000 பெட்டிகள் உரியவர்களிடம் சேராமல் தேங்கிவிட்டதாகவும் அதில் ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, ஊருக்குள் இருந்த சாலைகள். சாலைகள் மூழ்கியதால் பயணிகளால் வர முடியவில்லை. விமானிகளும் பணிப்பெண்களும் ஊழியர்களும் வந்துசேர முடியவில்லை. விமானத்தில் ஏற்ற வேண்டிய உணவுகூட வரவில்லை.

வெளியே இருந்து பார்க்கும்போது விமான நிலையம் என்பது கண்ணாடியும் இரும்புமாக ஒரு கட்டடம். உண்மையில் அது ஒரு கால அட்டவணை. ஒரு விமானம் கிளம்ப வேண்டுமானால் விமானி, எரிபொருள், சாப்பாடு, பெட்டி ஏற்றும் ஆட்கள், மின்சாரம், கணினி, வானிலைத் தகவல் அனைத்தும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் மற்ற அத்தனையும் சும்மா காத்துக் கிடக்கும்.

துபை போன்ற ஊர்களில் இது இன்னும் சிக்கலானது. அங்கே இறங்குபவர்களில் கணிசமானோர் துபைக்கு வருபவர்களே அல்லர். சென்னையிலிருந்து வந்து இரண்டு மணி நேரத்தில் லண்டனுக்கோ ஜித்தாவுக்கோ வேறு விமானம் பிடிப்பவர்கள். நாலாபுறத்திலிருந்தும் விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து குவிந்து, பயணிகளை மாற்றிக்கொண்டு, ஒரே நேரத்தில் கலைந்து போகும்படி அட்டவணை போடப்பட்டிருக்கிறது. ஒரு விமானம் தவறினால் இருபது ஊர்களுக்குப் போக வேண்டியவர்கள் ஒரே கூடத்தில் நிற்பார்கள். விசா இல்லாதவர்கள் வெளியே ஹோட்டலுக்குப் போகவும் முடியாது. அந்த வாரம், அவசியமில்லாதவர்கள் துபை வழியான பயணத்தைத் தள்ளிவைக்கும்படி அபுதாபியிலுள்ள இந்தியத் தூதரகமே அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

துபை பாலைவன ஊர், மழைக்குப் பழக்கமில்லை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மறு ஆண்டே லண்டனுக்கு அந்த நிலை வந்தது. 2025 மார்ச் 20ஆம் தேதி இரவு, ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மின்சாரம் தரும் நார்த் ஹைட் துணை மின்நிலையத்தில் தீப்பிடித்தது. அந்த மின்நிலையம் விமான நிலையத்துக்குச் சொந்தமானதுகூட அல்ல. ஆனாலும் மறுநாள் மாலைவரை ஹீத்ரோ மூடிக் கிடந்தது. 1,300 விமானங்களுக்கு மேல் பாதிக்கப்பட்டன. நடுவானில் இருந்தவை வேறு ஊர்களுக்குத் திரும்பின. ஹீத்ரோவுக்கு வேறு இடங்களிலிருந்தும் மின் இணைப்பு இருந்தது. ஆனால் அதற்கு மாற்றி, எல்லாக் கருவிகளையும் மீண்டும் இயக்கிச் சரிபார்க்கப் பல மணி நேரம் தேவைப்பட்டது. விசாரணை அறிக்கையில் வந்த ஒரு செய்தி நம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது. தீப்பிடித்த பகுதியில் ஈரப்பதம் அளவுக்கு மீறி இருப்பது 2018லேயே பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. யாரும் சரி செய்யவில்லை.

மழை, மின்சாரம் வரிசையில் மூன்றாவது மென்பொருள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் காலின்ஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் செக்-இன் மென்பொருள் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது ஹீத்ரோ, பிரஸ்ஸல்ஸ், பெர்லின் மூன்றும் ஒரே இரவில் தடுமாறின. மூன்று நாட்டு விமான நிலையங்கள், ஒரே நிறுவனத்தின் மென்பொருள். செலவைக் குறைக்க எல்லோரும் ஒரே பொருளை வாங்கினால், கெட்டுப் போவதும் எல்லோருக்கும் சேர்த்தே நடக்கும்.

மேலே சொன்ன நான்கிலும் பழுதின் வேர் முனையத்தின் சுவருக்கு வெளியே இருந்தது. சாலை வடிகால், துணை மின்நிலையம், எங்கோ இருக்கும் கணினி நிறுவனம். கண்காட்சிகளில் விற்பனையாவதோ சுவருக்கு உள்ளே பொருத்தும் கருவிகள். வடிகாலை யாரும் அரங்கில் வைத்து விளக்கு போட்டுக் காட்டுவதில்லை.

அதற்காகக் கருவிகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. துபை விமான நிலையத்தின் எண்ணிக்கைகளைப் பார்த்தாலே அவை ஏன் தேவை என்பது விளங்கும். 1960ல் இறுக்கிச் சமப்படுத்திய மணல் ஓடுபாதையோடு தொடங்கிய இடம் அது. 2024ல் 9 கோடியே 23 லட்சம் பேர் அதன் வழியாகப் போயிருக்கிறார்கள். சர்வதேசப் பயணிகள் எண்ணிக்கையில் 2014 முதல் உலகின் முதலிடம் அதற்குத்தான். அத்தனை பேருக்கும் இருப்பவை இரண்டே ஓடுபாதைகள். சுற்றிலும் ஊர் வளர்ந்துவிட்டதால் மூன்றாவது போட இடமில்லை. எனவே ஒவ்வொரு பயணியும் இமிகிரேஷனில் நிற்கும் ஒரு நிமிடத்தைக் குறைத்தாலும் அது லாபம்.

இங்குதான் முகத்தை அடையாளம் காணும் கருவிகள் வருகின்றன. துபையில் ஸ்மார்ட் கேட், இந்தியாவில் டிஜி யாத்ரா. இளைஞர்களுக்கு இது வசதி. ஆனால் நம் குடும்பங்களிலிருந்து பயணம் போகிறவர்கள் எல்லோரும் இளைஞர்களா? முதல்முறை உம்ராவுக்குப் போகும் எழுபது வயது உம்மா, முகத்திரை அணிந்த பெண், கைக்குழந்தையோடு தனியே போகும் தாய். கருவி இவர்களைப் பார்த்துத்தான் அதிகம் திணறும். அப்போது ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெண்களுக்குப் பெண் அலுவலர் இருக்க வேண்டும். கருவி வந்துவிட்டது என்று மேசைகளைக் குறைத்துக்கொண்டே போனால், வேகம் இளைஞருக்கும் வரிசை முதியவருக்குமாகப் பங்கிடப்படும். டிஜி யாத்ரா கட்டாயமில்லை என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. முகப்பதிவு தர விரும்பாதவர் வழக்கமான வாசல் வழியே போகலாம்.

இடநெருக்கடிக்குத் துபை கண்ட தீர்வு, ஊரையே மாற்றுவது. மழை பெய்து பன்னிரண்டு நாட்களில், 2024 ஏப்ரல் 28 அன்று, ஜபல் அலி பக்கம் உள்ள அல் மக்தூம் விமான நிலையத்தை 12,800 கோடி திர்ஹம் செலவில் விரிவாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஓடுபாதைகள், 400 வாயில்கள், ஆண்டுக்கு 26 கோடி பயணிகள். இப்போதைய விமான நிலையத்தைவிட ஐந்து மடங்கு பெரியது. தேராவிலும் குசைஸிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம்மவர்கள் டாக்ஸிக் கட்டணத்தைக் கணக்குப் போட வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

பெரிதாகக் கட்டுவது மட்டுமே வழி என்றில்லை. ஜித்தாவின் ஹஜ் முனையத்தை நம் வீடுகளில் பலர் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஆண்டு முழுதும் அமைதியாக இருந்துவிட்டு, சில வாரங்களில் பல லட்சம் பேர் வந்து இறங்கும் இடம் அது. அந்தக் கூட்டத்துக்காகக் குளிரூட்டிய கட்டடம் எழுப்பினால் மீதி மாதங்களுக்கு அது வெறும் செலவு. ஆகவே 1981ல் திறக்கப்பட்ட அந்த முனையத்துக்கு வெள்ளைக் கூடாரங்கள் 210 அமைத்தார்கள். பக்கங்கள் திறந்திருக்கும். சூடான காற்று கூடாரத்தின் உச்சித் துளை வழியே மேலேறிப் போய்விடும். மின்சாரம் போனாலும் நிழல் போகாது. இந்தக் கட்டமைப்பை உருவாக்கியவர்களில் முதன்மையானவர், டாக்கா பகுதியில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். வானளாவிய கட்டடங்களுக்காக உலகம் அறிந்தவர். 1982ல் ஜித்தாவிலேயே இறந்தார். வந்து இறங்குபவர்கள் முதியவர்கள், களைத்தவர்கள், மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் என்பதை முதலில் யோசித்துவிட்டுப் பிறகு வரைந்த கட்டடம் அது. சவூதியின் ‘மக்கா ரூட்’ திட்டமும் இதே யோசனையின் தொடர்ச்சிதான். மலேசியா, இந்தோனேசியா, பாகிஸ்தான் போன்ற நாடுகளின் ஹாஜிகளுக்குச் சவூதி இமிகிரேஷன் சோதனையைக் கிளம்பும் ஊரிலேயே முடித்துவிடுகிறார்கள். ஜித்தாவிலும் மதீனாவிலும் வரிசை குறைகிறது.

நம் சென்னைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது விமான நிலையம் நாட்கணக்கில் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. சென்னையின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலமாகக் கடந்து போகிறது. 2023ல் மிக்ஜாம், 2024ல் ஃபெஞ்சல் என அடுத்தடுத்த புயல்களிலும் விமான நிலையத்தை மூட வேண்டி வந்தது. இந்நிலையில் இரண்டாவது விமான நிலையத்துக்காகக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பரந்தூர் பகுதியில் கணிசமான நிலம் ஏரி, குளம், நீர்வழி. ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருவது தங்கள் வீடு, வயலுக்காக மட்டுமல்ல, இந்த நீர்நிலைகளுக்காகவும்தான். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்ற அவர்களின் கேள்வி விமானப் பயணிகளின் கேள்வியும் ஆகும்.

பயணம் போகும் குடும்பங்கள் செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் மூன்று நாட்களுக்காவது கைப்பையில் இருக்கட்டும்; பெரிய பெட்டி எப்போது கையில் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்களும் வீட்டு எண்களும் காகிதத்தில் இருக்கட்டும். செல்போனில் சார்ஜ் தீர்ந்தால் பிள்ளைகளின் எண் நினைவில் இருக்கும் பெற்றோர் இன்று குறைவு.

திருச்சியிலிருந்து கொழும்பு வழியாகவோ துபை வழியாகவோ போகிறவர்கள் இரண்டு கட்டப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது பாதுகாப்பு. முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போது நிறுவனத்துக்கு வருகிறது. மலிவுக்காகத் தனித்தனி டிக்கெட் எடுத்தால் அந்தப் பொறுப்பு நம் தலையில். வானிலையால் விமானம் ரத்தானால் இந்திய விதிகளின்படி நஷ்டஈடு கிடைக்காது. ஆனால் மாற்று விமானமோ டிக்கெட் பணமோ கேட்கும் உரிமை இருக்கிறது.

பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே, லக்கேஜ் பெல்ட் அருகில் உள்ள கவுண்டரில் புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். சர்வதேசப் பயணத்துக்குப் பொருந்தும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, பெட்டி உடைந்து வந்திருந்தால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். இந்தியாவும் அமீரகமும் சவூதியும் இந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. இடையில் அவசரத்துக்கு வாங்கிய துணி, மருந்து ஆகியவற்றின் பில்களைத் தூக்கி எறிந்துவிடாமல் அந்தப் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள்.