கோடையும் பன்றி இனவிருத்தியும்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் பன்றி வளர்ப்போர் சிலர் ஆனி மாதத்தில் ஒரு குறை கூறக் கேட்கிறோம். “தாய்ப்பன்றி இணைந்தும் சினை பிடிக்கவில்லை, மலடாகிவிட்டது” என்பதே அது. உடனே அதனை இறைச்சிக்கு விற்றுவிடவும் துணிகின்றனர். கத்திரி வெயில் கழிந்துவிட்டபடியால் வெயில்மேல் அவர்களுக்கு ஐயம் எழுவதில்லை. உண்மை வேறு.

பன்றிக்கு வியர்வையினால் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் மிகக் குறைவு. அது சேற்றில் புரள்வது அசுத்தத்தை விரும்பியன்று, குளிர்ச்சியை நாடியே. தகரக் கூரையின்கீழ்க் கோடை வெப்பத்தில் வாடும் பன்றி தீனியைக் குறைத்துக்கொள்ளும். குட்டிகளைப் பிரித்தபின் 5 முதல் 7 நாட்களில் பருவத்திற்கு வரவேண்டிய தாய், நாள் கடத்தும். சினை பிடித்தாலும் முதல் மாதத்திலேயே கரு அழிவதுண்டு.

ஆண் பன்றிக்கு நேரும் கேடு வெளியே தெரியாது. அதன் விந்து உருவாகி முதிர்வதற்குச் சுமார் 6 வாரங்கள் ஆகின்றன. ஆகவே வைகாசி வெயிலின் தீங்கு ஆனியிலும், சிற்சில சமயம் ஆடித் தொடக்கத்திலும் வெளிப்படும். ஒரே ஆணுடன் இணைந்த பல தாய்கள் சினை பிடிக்கவில்லையெனில், குறை ஆணிடம் இருத்தல் கூடும். குற்றமற்ற தாயை விற்பது கைமுதலை இழப்பதாகும்.

குளிர் நாடுகளில் பகற்பொழுதின் நீளம் மாறுவதும் இனவிருத்தியைப் பாதிக்கிறது. நம் பகுதியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரமே. ஆதலின் இங்கு வெப்பமே முதற்காரணம். அதைத் தணிப்பது நம் கையில் உள்ளது.

கூரைமீது தென்னங்கீற்று வேய்தல் வேண்டும். காற்றோட்டமான கொட்டிலில் நண்பகலில் பன்றியின்மேல் நீர் தெளிக்கலாம். புரளுவதற்குச் சிறு தொட்டியும் கட்டலாம். குளிர்ந்த குடிநீர் எப்பொழுதும் இருத்தல் அவசியம். தீனியை அதிகாலையிலும் இரவிலும் இடுக. இணை சேர்ப்பதும் வெயிலற்ற வேளையிலேயே நிகழட்டும். நிழல் மிகுந்த இடத்தை ஆண் பன்றிக்கே முதலில் ஒதுக்குக.

இணைந்த நாளைக் குறித்து வைத்து, 21ஆம் நாளையொட்டித் தாய் மீண்டும் பருவத்திற்கு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வராவிடில் சினை என்று நம்பலாம். 114 நாட்களில் ஈனும். வந்தால் மறுமுறை இணைக்கலாம். அப்பொழுதும் பயன் இல்லையெனில் கால்நடை மருத்துவரை அணுகுக. காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலும் பன்றி வளர்ப்பு பற்றிய ஆலோசனை பெறலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பங்குனியிலேயே இச்செய்தியைப் பன்றி வளர்க்கும் குடும்பங்களுக்கு எடுத்துரைத்து, கோடையில் தண்ணீர் தட்டாமல் கிடைக்க வழி செய்வார்களாக. பங்குனியில் வேயும் கீற்று ஐப்பசியில் குட்டிகளாகப் பலன் தரும்.