ஜி.ஆர்.இ.யை விடக் கடினமான தேர்வு
வெளிநாட்டில் பொறியியல் மேற்படிப்பு: ஏலமலைத் தமிழ்ப் பிள்ளைகளை மறிப்பது மதிப்பெண் அல்ல, தாத்தாவின் பழைய காகிதம்

போடிமெட்டு வளைவுகளில் தினமும் காலையில் ஜீப்புகள் திணறி ஏறுகின்றன. தேனி மாவட்டக் கிராமங்களிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றி வரும் ஜீப்புகள் அவை. மாலையில் பெரும்பாலோர் மலையிறங்கி விடுவார்கள். சாந்தன்பாறை, பூப்பாறை வட்டாரத்தில் தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அப்படியொரு குடும்பத்துப் பிள்ளை பி.டெக். முடித்து, அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆசைப்பட்டால்?

விண்ணப்பம் போடுவது இன்று பெரிய வித்தை அல்ல. ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே பெரும்பாலும் கெடு முடிந்துவிடும். மதிப்பெண் பட்டியல், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், என்ன படிக்க வருகிறேன், ஏன் என்று விளக்கும் கட்டுரை, ஆங்கிலத் தேர்வு - இவ்வளவுதான். ஜி.ஆர்.இ.கூட 2023 செப்டம்பரில் இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. பல துறைகள் அதைக் கேட்பதையே நிறுத்திவிட்டன.

சிக்கல் பணத்தில். பிஎச்.டி. மாணவருக்குப் பல்கலைக்கழகமே பெரும்பாலும் சம்பளம் தருகிறது. எம்.எஸ். மாணவர் சொந்தப் பணத்தில் படிக்க வேண்டும். விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் வாங்கவே முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் காட்டியாக வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கும் ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவுக்கு 11,904 யூரோவை (2024 செப்டம்பர் முதல்) முடக்கு கணக்கில் போட வேண்டும். ரூ. 7.5 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் அரசு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். பிணைக்கு எங்கே போவது?

தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, 1950களிலிருந்தே நடந்துவரும் திட்டம். ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப வருமானம் ரூ. 8 லட்சத்துக்குள், மதிப்பெண் 60 சதவீதம், வயது 35க்குள். கட்டணம், விமானச் செலவு, அமெரிக்காவில் ஆண்டுக்கு 15,400 டாலர் வாழ்க்கைப் படி எல்லாம் உண்டு.

ஆனால் சாதிச் சான்றிதழ்? இதில்தான் மலை வழுக்குகிறது. 1950இல் குடியரசுத் தலைவர் வெளியிட்ட பட்டியல் மாநிலவாரியானது. அதற்குப் பின் குடியேறியவருக்குச் சொந்த மாநிலத்திலும் மத்திய அரசிலும் சலுகை உண்டு. குடியேறிய மாநிலத்தில் இல்லை. உச்ச நீதிமன்றம் 1990இல் உறுதிப்படுத்திய நிலை இது. தந்தையின் சொந்த மாநிலச் சான்றைக் காட்டினால் குடியேறிய மாநில அதிகாரியே மத்தியச் சலுகைக்கான சான்றிதழ் தரலாம் என்கிறது விதி. கையில் ஒரு துணி மூட்டையோடு மலையேறிய தாத்தா என்ன சான்று கொண்டுவந்திருப்பார்?

பக்கத்துத் தேவிகுளம் தொகுதியின் ஏ. ராஜாவுக்கே இந்தக் கதி. தனித் தொகுதியில் 2021இல் அவர் பெற்ற வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. குடும்பம் எப்போது கேரளம் வந்தது, மதம் மாறியதா என்பவையே கேள்விகள். 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எம்.எல்.ஏ.வுக்கு வக்கீல்கள் இருந்தார்கள்.

சான்றிதழ் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. 2025இல் உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கே கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற பதில்.

எனவே மலைப் பிள்ளைகள் கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே செய்ய வேண்டிய முதல் வேலை ஜி.ஆர்.இ. புத்தகம் வாங்குவது அல்ல. அப்பாவின் பள்ளிச் சான்று, தாத்தாவின் எஸ்டேட் பதிவு, தமிழ்நாட்டுப் பூர்விக ஊரின் தாலுகா அலுவலகம் - இவற்றைத் தேடிப் போவது. பல்கலைக்கழகத்தின் கெடு தேதி தாசில்தாருக்காகக் காத்திருக்காது.