விமானத்தில் சி-பாப் கருவி: பேட்டரி விதிகளை அறிவது அவசியம்

உறக்கத்தின்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைப்பதால், சுவாசம் திரும்பத் திரும்பத் தடைபடும் நோய் ஸ்லீப் ஏப்னியா. முகக்கவசம் வழியாகக் காற்றழுத்தம் அளித்து அப்பாதையைத் திறந்து வைக்கிறது சி-பாப் கருவி. விமானப் பயணத்தில் இதனைக் கையோடு எடுத்துச் செல்வதே பாதுகாப்பானது. சரக்குப் பகுதிக்கு அனுப்பிய பெட்டி தாமதமானால், அன்றிரவே சிகிச்சை தடைபடும்.

உதிரி லித்தியம் பேட்டரிகளுக்குப் பயணிகள் பகுதியில் மட்டுமே அனுமதி உண்டு. அவை தீப்பற்றினால் ஊழியர்கள் உடனே கவனித்து அணைக்க முடியும் என்பதே காரணம். 100 வாட்-மணி வரையிலான பேட்டரிக்குப் பொதுவாக முன் ஒப்புதல் தேவையில்லை. 100 முதல் 160 வாட்-மணி வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலுடன் இரண்டு உதிரி பேட்டரிகளைக் கொண்டு செல்லலாம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு அனுமதியில்லை.

வாட்-மணி குறிப்பிடப்படாவிடில், வோல்ட் அளவை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 24 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியின் திறன் 120 வாட்-மணி. இதற்கு ஒப்புதல் தேவை.

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பின் கைப்பை வரம்பு பெரும்பாலும் 7 கிலோ. அதில் கருவியின் எடையும் சேருமா, பறக்கும்போது அதனை இயக்கலாமா, இருக்கையில் மின் இணைப்பு உண்டா என்பவற்றை முன்பதிவின்போதே கேட்டறிவது நல்லது. மருத்துவரின் சான்றுக் கடிதமும் உதவும். ஈரப்பதமூட்டும் கலனில் உள்ள நீரைப் புறப்படும் முன் அகற்றிவிட வேண்டும்.